சட்டியைப் பார்த்து உண்க

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவாலயத் திருச்சுற்றில் வலம் வரும் அன்பர்கள் அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருமேனிகளையும் வரிசையாகக் கண்டு கைகுவித்துச் செல்வர். அவ்வரிசையில் முடிவேந்தர் உளர்; குயவர் உளர்; வேடர் உளர்; ஏர் பிடித்த உழவர் உளர்; கடலில் வலை வீசிய பரதவரும் உளர். இவர்களுள் பலர் மனைவி மக்களோடு வாழ்ந்து, அன்றாடம் உலை வைத்து, வந்தவர்க்கு இலை போட்டு, அவ்வழியாகவே இறைவன் திருவடியை அடைந்தவர்கள் ஆவர். திருவள்ளுவப் பெருந்தகையும் துறவறத்தைப் பேசுவதற்கு முன்னரே இல்லறத்தைப் பேசினார். திருக்குறளில் இல்வாழ்க்கை 5-ஆம் அதிகாரம். வாழ்க்கைத் துணைநலம் 6-ஆம் அதிகாரம். விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம்.

இல்லறம் என்னும் இவ்வறம் வீட்டின் எப்பகுதியில் நடைபெறுகிறது? பூசை மாடத்தில் விளக்கெரிகிறது. கூடத்தில் உறவினர் அமர்கின்றனர். ஆயினும் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பது வெளிப்படும் இடம் அடுப்பங்கரையே ஆகும். யார் சமைத்தார், யார் முதலில் உண்டார், யார் கடைசியில் உண்டார், சட்டியில் என்ன மிஞ்சியது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தெரிந்தால் அவ்வீட்டின் அறம் தெரிந்துவிடும். இதனை எடுத்துக்காட்டத் தொண்டை மண்டலத்தில் உள்ள பழவேற்காட்டு மீனவர் குடியிருப்புகள் சாலப் பொருந்தும்.

உப்பும் நன்னீரும் கலக்கும் ஊர்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்தது பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து செல்வோர் வழியில் திருப்பாலைவனத்தில் அருள்மிகு திருப்பாலீஸ்வரரை வணங்கிச் செல்லலாம். பழவேற்காட்டிலேயே உள்ள அருள்மிகு ஆதிநாராயணப் பெருமாள் திருக்கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் இங்கு வந்து கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். அவர்களுடைய கல்லறைகள் இன்றும் உள்ளன. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்தவரும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழும் ஊர் இது.

ஊரை ஒட்டி விரிந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட தீவு ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொணர்கின்றன. சுவர்ணமுகி ஆற்றின் நீரும் இவ்வேரியைச் சேர்வதாகக் கூறுவர். சுவர்ணமுகி என்பது வேறெதுவும் அன்று. திருக்காளத்தி மலையடியில் ஓடும் பொன்முகலியே அது. கண்ணப்ப நாயனார் தம் வாயில் நீரை முகந்து சென்று காளத்தியப்பரை நீராட்டிய ஆறு அது. இறைவனுக்கு ஊட்டும் இறைச்சி நன்கு வெந்ததா, சுவையாக உள்ளதா என்று தாமே நாவில் இட்டுப் பார்த்துப் படைத்த அன்பர் அவர். உண்பவருக்கு நன்றாக இருக்க வேண்டுமே என்னும் அக்கறையே சமையலின் உயிர் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆற்று நீரும் கடல் நீரும் இவ்வேரியில் கலக்கின்றன. கலந்த பின் அது ஆறும் அன்று, கடலும் அன்று. ஆறு தன் இனிமையில் சிறிது விட்டுக்கொடுக்கிறது. கடல் தன் உப்பில் சிறிது விட்டுக்கொடுக்கிறது. அவ்வாறு இரண்டும் விட்டுக்கொடுத்த நீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. இரு வேறு வீடுகளில் பிறந்த இருவர் ஒரு கூரையின்கீழ் வாழத் தொடங்கும்போது நிகழ்வதும் இதுவே.

தலைக்கட்டும் பாடும்

கடற்கரை ஊர்களில் மணமான குடும்பம் ஒன்றைத் தலைக்கட்டு என்று கணக்கிடுவர். கோயில் திருவிழாவுக்கு வரி பிரிப்பதும் ஊர்ப் பொதுப்பணிக்குப் பங்கு கேட்பதும் தலைக்கட்டின்படியே நடைபெறும். தனியொருவனாகத் திரிந்தவன் மணமுடித்ததும் ஊரின் பொறுப்பில் பங்கு பெறுகிறான். அப்பங்கு அவனுக்குக் கிடைத்ததற்குக் காரணம் அவன் மனைவி என்பதை அவன் மறத்தல் ஆகாது.

பழவேற்காடு ஏரியில் பாடு என்னும் பழைய முறையும் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் வலை கட்டும் இடங்களைத் தம்முள் முறை வைத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். நல்ல மீன்படும் இடத்தை வலியவர் ஒருவரே நாளும் பிடித்துக்கொள்ளாமல், இன்று இவர்க்கு, அடுத்து அவர்க்கு என்று முறை மாறி வரும். ஏரி பொதுச்சொத்து, அதன் நன்மையும் குறைவும் பொது என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது. பாடு என்னும் தமிழ்ச்சொல்லுக்கு உழைப்பு, வருத்தம் என்னும் பொருள்களும் உண்டு. ஒருவர்க்கு முறை வரும் நாள் உழைப்பின் நாள். முறை வராத நாள் வருத்தத்தின் நாள். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய தமிழ், வாழ்க்கையை அறிந்த மொழியாகும்.

ஒரு நாளின் நடப்பு

வலை கட்டிய கணவர் இரவெல்லாம் இடுப்பளவு நீரிலும் படகிலும் இருந்து விடியலில் கரை சேர்கிறார். அவ்வளவோடு அவர் வேலையின் பெரும்பகுதி முடிகிறது. மனைவியின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பெரிய இறாலும் நல்ல நண்டும் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் பொருள்கள் என்பதால் வியாபாரியிடம் சென்றுவிடும். எஞ்சிய மீனை வகை பிரித்து, கரையில் விற்பதும், கூடையில் சுமந்து பொன்னேரி, மீஞ்சூர் சந்தைகளுக்குக் கொண்டுசெல்வதும் பெண்டிர் பணி. விலை போகாத பொடி இறாலும் சிறு மீனுமே வீட்டுச் சட்டிக்கு வரும். பிடித்த வீட்டார் உண்பது தாம் பிடித்தவற்றுள் கடைசித் தரமே என்பதைப் பட்டணத்தில் பெரிய இறாலை விலை பேசுவோர் ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்தல் நன்று.

இருளர் குடியைச் சேர்ந்த பெண்டிரின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் வலையும் படகும் இன்றி, ஏரியின் ஆழமற்ற பகுதியில் நீருக்குள் தவழ்ந்து சென்று, கைகளாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பர். இரு கைகளும் தேடலில் இருப்பதால், பிடித்ததை இடும் பறியைப் பற்களால் கவ்விக்கொள்வர். கணவனும் மனைவியும் சேர்ந்தே நீரில் இறங்கும் வீடுகளும் உண்டு. மணிக்கணக்கில் உவர்நீரில் ஊறிய அக்கைகளே மாலையில் அரிசி களைந்து உலை வைக்கின்றன.

கடலோரத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்புக் கரிப்பதால் குடிநீர்க் குடமும் பெண்ணின் இடுப்பிலேயே ஏறுகிறது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதும், முதியோருக்குக் கஞ்சி வைப்பதும், சுய உதவிக் குழுவின் தவணையைத் திரட்டுவதும் அவளுடையவையே. இவ்வளவும் முடிந்த பின் அவள் சட்டியை ஏற்றுகிறாள்.

சட்டி கற்பிக்கும் பாடம்

மீன் குழம்புக்கு மண் சட்டியே உகந்தது என்பர் கடற்கரைத் தாய்மார். புதுச் சட்டியை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றக்கூடாது. வடித்த கஞ்சியையோ அரிசி கழுவிய நீரையோ ஊற்றிச் சில நாள் வைத்துப் பழக்க வேண்டும். பழக்காத சட்டி தீயைக் கண்டதும் விரிசல் விடும். மணமாகி வந்த புதுமகளிடம் முதல் நாளிலேயே மாமியார் கைப்பக்குவத்தை எதிர்பார்ப்பவர்கள் இதனைக் கருதுதல் வேண்டும்.

நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயமும் வெங்காயமும் பூண்டும் வதங்கி, மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் கலந்த புளிக்கரைசல் நன்கு கொதித்துச் சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே வந்த பின்னரே மீனை இடுவர். கோடைக்காலமாயின் மாங்காய்த் துண்டும் சேரும். மீனை இட்ட பின் கரண்டியால் துழாவுதல் கூடாது. துழாவினால் மீன் உடைந்து முள்ளும் சதையும் கலந்துவிடும். துணியால் சட்டியின் இரு பக்கமும் பற்றி மெல்லச் சுழற்ற வேண்டும். வலையில் ஒன்றும் படாமல் கணவர் வெறுங்கையோடு வந்த நாளிலும், சந்தையில் விலை கிடைக்காமல் மனைவி களைத்து வந்த நாளிலும் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய முறை இதுவே. உடைந்துவிடும் நிலையில் உள்ள மனத்தை வினாக்களால் துழாவாமல், அன்பால் மெல்லச் சுழற்றினால் போதும்.

மீன் மிகுந்த நாளில் அதனைக் கீறி உப்பிட்டு வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குவர்; சென்னாக்கூனி என்னும் மிகச் சிறு இறாலையும் காயவைத்து எடுத்து வைப்பர். புயல் அறிவிப்பு வந்து படகுகள் கரையேறும் ஐப்பசி, கார்த்திகை நாள்களிலும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்கலம் ஏவப்படுவதால் கடலுக்குச் செல்லக்கூடாது என்று அறிவிக்கப்படும் நாள்களிலும் அந்தச் சேமிப்பே குழம்பாகிறது. மீனவ மகளிருக்கென வகுக்கப்பெற்ற சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில், ஒருவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசின் பங்காக 3,000 ரூபாய் சேர்ந்து 4,500 ரூபாயாக மீன்வரத்து குறைந்த மாதங்களில் வழங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கும் முன்னோடி, உப்பிட்டு எடுத்துவைத்த அந்தப் பானையே எனலாம்.

ஆடி மாதம் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது, இந்த ஊர்களில் கேழ்வரகுக் கூழ் பெரும் பானைகளில் கொதிக்கும். அன்று ஒவ்வொரு தலைக்கட்டின் பங்கும் ஒரே பானையில் கலக்கிறது. யார் வீட்டு மாவு, யார் வீட்டு நொய் என்று பிரிக்க இயலாது. வாங்கிக் குடிப்பவருக்கும் பேதம் இல்லை.

இளையான்குடியில் ஒரு மழை இரவு

கணவனும் மனைவியும் சேர்ந்து சமைத்த கதை ஒன்றைத் தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் வைத்துள்ளார். இளையான்குடி மாறனார் உழவுத் தொழிலால் பெருஞ்செல்வம் பெற்று, வந்த அடியார்க்கெல்லாம் அமுதளித்தவர். செல்வம் முழுதும் தேய்ந்து வறுமை வந்தது. மழை கொட்டும் ஓர் இரவில், வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லாத வேளையில், அடியார் ஒருவர் பசியோடு வந்து நின்றார்.

கணவர் மனைவியைப் பார்த்தார். என் செய்வது என்று வினவினார். வீட்டில் ஒன்றும் இல்லை, அயலாரும் இனித் தருவார் இல்லை, ஆயினும் அன்று பகலில் வயலில் விதைத்த நெல் இருக்கிறது, அதனை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னவர் அம்மையார். இருளிலும் மழையிலும் கால்களால் தடவி வழி கண்டு, நீரில் மிதந்த நெல்லை வாரிக் கூடையில் சுமந்து வந்தவர் நாயனார். விறகில்லை என்றார் அம்மையார். வீட்டுக் கூரையின் கழிகளை அறுத்துத் தந்தார் நாயனார். ஈர நெல்லை வறுத்துக் குத்தி அம்மையார் சோறாக்கினார். கறிக்கு என் செய்வது என்றபோது, கொல்லையில் இன்னும் வளராத கீரையைப் பறித்து வந்தார் நாயனார். அந்தக் கீரை ஒன்றையே பல வகைக் கறிகளாக ஆக்கினார் அம்மையார். உண்ண அழைத்தபோது அடியார் சோதியாய் எழுந்தருளினார்.

அன்பர்களே! இக்கதையில் ஒருவர் மீது ஒருவர் குறை சொன்ன இடம் ஒன்றுமில்லை. விதையை அழிக்கலாமா என்று கணவர் சினக்கவில்லை. வீட்டைக் காலி செய்தீரே என்று மனைவி நோகவில்லை. சொன்னவர் ஒருவர், செய்தவர் ஒருவர். மீண்டும் கேட்டவர் ஒருவர், கொணர்ந்தவர் ஒருவர். அந்த இரவில் சமையல் இருவருடையதாய் இருந்தது. அம்மையாரின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. எனவே அவரை எந்த ஊரின் எந்த அடுப்பங்கரையிலும் காணலாம்.

முதல் மீனும் கடைசிக் கவளமும்

நாகையின் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார் பரதவர் குலத் தலைவர். வலையில் படும் மீன்களுள் தலையாய ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விடும் நியமம் கொண்டவர். நாளுக்கு ஒரு மீனே படும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கென விட்டார். தாமும் சுற்றத்தாரும் பசித்திருந்தனர். இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் பட்டபோதும் அதனையும் விட்டார். இறைவன் விடைமேல் காட்சி தந்தருளினார். இவருடைய திருநாள் ஆவணி ஆயில்யம். இளையான்குடி மாறனாரின் திருநாள் ஆவணி மகம். ஆயில்யத்தை அடுத்த விண்மீன் மகம். வலை பிடித்தவரும் ஏர் பிடித்தவரும் நாள்காட்டியில் அண்டை வீட்டாராக அமர்ந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

அதிபத்தர் முதல் மீனைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வீடுகளில் பெண் கடைசிக் கவளத்தைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை. மீன் குறைந்த நாளில் கணவர்க்கும் பிள்ளைகட்கும் துண்டுகளை இட்டு, தான் குழம்பை மட்டும் ஊற்றி உண்டு, பசியில்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறாள். அவளுடைய தியாகத்தைப் புகழ்ந்து பேசிவிட்டு அப்படியே இருந்துவிடுவது ஆண்மகனுக்கு அழகன்று. நாள் முழுதும் சுமை சுமந்தவள் அரைவயிற்றோடு படுத்தால் உடல் தளரும். கருவுற்றவளாயின் இரு உயிர்கள் தளரும். நாயனாரின் பசி அவர் தாமே ஏற்ற நோன்பு. மனைவியின் பசி அவள் விரும்பி ஏற்றது போலத் தோன்றினும், வேறு வழியின்றி வந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

ஆதலின், உண்ண அமர்ந்தவர் இலையைப் பார்ப்பதற்கு முன் சட்டியைப் பார்த்தல் வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது பழமொழி. அகப்பையில் வந்ததை மட்டும் பார்ப்பவருக்குச் சட்டியின் அடி தெரியாது. உனக்கு இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்டு, தன் பங்கில் ஒரு துண்டை எடுத்து வைப்பவரே உண்மையில் இல்லறத்தார். கையில் வந்த காசு வீடு சேருமுன் மதுக்கடையில் கரையும் வீடுகளில் இந்த அறம் முதல் படியிலேயே முறிந்துவிடுகிறது. அங்கே சட்டி கழுவிக் கவிழ்த்தபடியே கிடக்கும்.

ஏரி என்னும் பெருஞ்சட்டி

இந்த நீதி வீட்டோடு முடிவதன்று. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து வளர்ந்து, பின்னர்க் கடலுக்குத் திரும்புகின்றன. கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சுகளின் வரவு குறையும். ஏரி வற்றி உப்பேறும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்து மணலை உடைத்தால் மீண்டும் உயிர்ப்பு உண்டாகும். ஆறுகள் கொணரும் மண்ணும் கழிவும் ஏரியை மேடாக்குவதும் மாசுபடுத்துவதும் அங்குள்ள மக்களின் நீங்காக் கவலையாக இருந்து வருகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின் துயரையும் அவ்வூர்கள் கண்டுள்ளன.

வாய் அடைபட்ட ஏரியில் மீன் இல்லை. பேச்சு அடைபட்ட வீட்டில் மகிழ்ச்சி இல்லை. ஏரியும் ஒரு பெருஞ்சட்டியே. அதிலிருந்து எடுப்பவர் எல்லோரும் அதன் அடியைப் பார்த்து எடுத்தால்தான் நாளைக்கு மிஞ்சும். முட்டையும் குஞ்சுமாய் வாரும் சிறுகண் வலையும், கரையிலிருந்து கொட்டும் நெகிழிக் குப்பையும் பேரப்பிள்ளைகளின் இலையிலிருந்து எடுக்கும் கவளங்கள் ஆகும்.

நிறைவாக

காசியில் அன்னபூரணியின் முன் ஓடேந்தி நிற்பவர் உலகனைத்துக்கும் தலைவராகிய சிவபெருமான். மனைவியின் கையால் பெறும் சோற்றைப் பணிவோடு பெற வேண்டும் என்பதை அவரே காட்டியருளினார். தமிழகத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அன்னதானத் திட்டத்தில் பந்தியில் அமர்ந்து உண்ணும் அன்பர்கள், அங்கே கடைசி வரிசைக்கும் சோறு இருக்கிறதா என்று பரிமாறுவோர் பார்ப்பதைக் காணலாம். அப்பார்வையை ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

பாடு இல்லாத நாளில் குடத்தை எடுத்துத் தண்ணீர் கொணரும் கணவரும், மீன் படாத நாளில் முகம் கோணாது முருங்கைக்கீரையைச் சுவையாக ஆக்கும் மனைவியும், இருவர்க்கும் சோறு இருக்கிறதா எனச் சட்டியைப் பார்க்கும் பிள்ளைகளும் உள்ள வீடு எதுவோ, அவ்வீட்டு அடுப்பில் எரிவதும் ஒரு திருவிளக்கே. இன்று வீடு திரும்பும் அன்பர்கள் இரவு உண்ண அமரும்போது, முதல் கவளத்தை எடுப்பதற்கு முன் ஒருமுறை சட்டியைப் பார்த்து உண்பார்களாக.